8 ஜிபி போட்டா 5.7 தான் காட்டுது... மீதி யார் கணக்குல?

பி.காம் படிக்கிறவனுக்கு ரேம் பத்தி என்ன பேச்சுன்னு சிலர் கேப்பீங்க. மக்களே, இது முழுக்க முழுக்கக் கணக்குப்பதிவியல் சமாச்சாரம்தான். படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

பதினொண்ணாம் வகுப்புலயே வங்கிச் சரிகட்டும் பட்டியல்னு ஒரு பாடம் வரும். நம்ம ரொக்க ஏட்டுல 50,000 ரூபாய் இருப்பு. பாஸ்புக்கைப் பார்த்தா 46,500. 3,500 குறையுது. அதுக்காக உடனே கேஷியர் சட்டையைப் பிடிக்கிறது கிடையாது. வங்கியில போட்ட 3,000 ரூபாய் காசோலை இன்னும் வசூலாகாம இருக்கலாம். வங்கி தன்னோட கட்டணம்னு 500 பிடிச்சிருக்கலாம். ரெண்டு ஏட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு காரணம் எழுதி, கடைசியில ரெண்டும் சேருதான்னு பார்க்கணும். சேர்ந்துட்டா கேஷியர் நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்.

லினக்ஸ் பொட்டியில மாட்டின ரேம் முழுசாத் தெரியலைன்னா செய்ய வேண்டியதும் இதேதான். இதைச் செய்யாம விட்டா என்ன ஆகும்னு போன செமஸ்டர்ல நேர்லயே பார்த்தேன்.

எங்க காலேஜ் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை. பிரிண்ட் அவுட், ஸ்பைரல் பைண்டிங், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் உண்டு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு டெஸ்க்டாப், ஏஎம்டி ரைசன் பிராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பிராசசருக்குள்ளயே இருக்கிற கிராபிக்ஸ்தான். அதுல லினக்ஸ் மின்ட். 4 ஜிபி ரேம்ல பிரவுசர்ல நாலு டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். பரீட்சை ஃபீஸ் கட்டுற சமயத்துல கியூ வாசல் வரைக்கும் நிக்கும்.

கடைக்கார அண்ணன் இன்னொரு 4 ஜிபி வாங்கிப் போடலாம்னு முடிவு பண்ணி, கடையில வேலை பார்க்கிற பையன் கையில காசு கொடுத்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அனுப்பினார். 2025 கடைசியில இருந்து ரேம் விலை ஏறின ஏத்தம் உங்களுக்கே தெரியும். புதுசு கட்டுப்படி ஆகாதுன்னு பழசுதான் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார். பழசுக்கு பில் கிடையாது. பையன் வாங்கிட்டு வந்து, அவனே மாட்டி, பொட்டியை ஆன் பண்ணினான். சிஸ்டம் மானிட்டர்ல 8 இல்லை, 5.7 காட்டுச்சு.

நான் அசைன்மென்ட் பிரிண்ட் எடுக்கப் போனப்ப பஞ்சாயத்து நடந்துக்கிட்டு இருந்தது. அண்ணன் போட்ட கணக்கு இது. முன்னாடி 3.3 காட்டிச்சு, இப்ப 5.7 காட்டுது. கூடினது 2.4 தான். அப்போ 4 ஜிபிக்குக் காசு வாங்கிட்டுப் போய் 2 ஜிபி வாங்கி மாட்டிட்டு, மீதியை அமுக்கிட்டான். மாசச் சம்பளத்துல பிடிச்சுக்கப் போறாராம். கேக்க நியாயமாத்தான் இருந்தது. பையன் ஒண்ணும் பேசலை, ஸ்டேப்ளர்ல பின் போட்டுக்கிட்டே இருந்தான். அவன் வீட்டுல அந்தச் சம்பளத்தை நம்பி இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க.

"தம்பி, நீதான் கம்ப்யூட்டர் பத்தியெல்லாம் எழுதுறவனாச்சே, நீயே சொல்லு"ன்னார் அண்ணன். "அரை மணி நேரம் கொடுங்கண்ணே"ன்னு உக்கார்ந்தேன்.

முதல் ஏடு, வாங்கின சரக்கு என்ன? டெர்மினலைத் திறந்து, சூடோ போட்டு, டிஎம்ஐடிகோட்ங்கிற கட்டளையை மெமரிக்கு மட்டும் ஓட்டினேன். இது பயாஸ் தயார் பண்ணி வச்சிருக்கிற சரக்கு இருப்புப் பட்டியலைப் படிச்சுக் காட்டும். ஒவ்வொரு ரேம் குச்சியிலயும் ஒரு குட்டி சிப் இருக்கு. என் அளவு இவ்வளவு, வேகம் இவ்வளவுன்னு அதுல எழுதியிருக்கும். பயாஸ் அதைப் படிச்சுத்தான் பட்டியல் போடுது. ரெண்டு ஸ்லாட்டுக்கும் நேரா 4 ஜிபி, 4 ஜிபின்னு வந்தது. பொட்டியை அணைச்சு, வயரைப் பிடுங்கி, மூடியைத் திறந்து ஸ்டிக்கரையும் பார்த்தாச்சு. அதுலயும் 4 ஜிபி.

அண்ணனுக்குத் திருப்தி இல்லை. "ஸ்டிக்கர் யார் வேணா ஒட்டலாம். அப்போ மீதி எங்க போச்சு?"ன்னார். அவர் கேட்டதும் சரிதான். வித்தியாசத்தை விளக்காத வரைக்கும் பட்டியல் முடியலை.

ரெண்டாவது ஏடு, பயாஸ் லினக்ஸ் கிட்ட என்ன ஒப்படைச்சது? பொட்டி ஆன் ஆகுறப்ப பயாஸ் கெர்னல் கையில ஒரு வரைபடம் கொடுக்கும். இந்த முகவரியில இருந்து இந்த முகவரி வரைக்கும் நீ புழங்கலாம், இது எனக்கு ஒதுக்கினது, தொடாதேன்னு வரிவரியா இருக்கும். கெர்னல் அதை வாங்கினதும் தன் குறிப்பேட்டுல எழுதி வச்சுக்கும். டி, எம், இ, எஸ், ஜின்னு அஞ்சு எழுத்து அடிச்சா அந்தக் குறிப்பேடு விரியும். ஆரம்பத்துலயே அந்த வரைபடம் இருக்கு. புழங்கலாம்னு சொன்ன பகுதிகளை எல்லாம் கூட்டினா கிட்டத்தட்ட 6 ஜிபி தான் வந்தது. அதாவது, லினக்ஸ் கண் முழிக்கிறதுக்கு முன்னாடியே 2 ஜிபி கை மாறிடுச்சு.

அதே குறிப்பேட்டுல இன்னும் கொஞ்சம் கீழ போனா, ஏஎம்டி கிராபிக்ஸ் டிரைவர் எழுதின ஒரு வரி. வீடியோ மெமரி 2048 எம்பி தயார்னு இருந்தது. ஆள் ஆப்ட்டாச்சு!

தனி கார்டுன்னா அதுலயே சொந்த மெமரி இருக்கும். உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸுக்கு அது கிடையாது. நம்ம ரேம்ல இருந்து ஒரு பங்கு வெட்டி எடுத்துக்கும். எவ்வளவு எடுக்கணும்னு பயாஸ்ல ஒரு செட்டிங் இருக்கு, யூஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ்னு பேரு. இந்தப் பொட்டியில அது ஆட்டோல இருந்தது. ஆட்டோன்னா மொத்த ரேமைப் பார்த்து அதுவே முடிவு பண்ணிக்கும். 4 ஜிபி இருந்தப்ப 512 எம்பி எடுத்துக்கிட்டு இருந்தது. இன்னொரு குச்சி வந்ததும், ஆகா வசதி கூடிடுச்சுன்னு 2 ஜிபியா ஏத்திக்கிச்சு. சம்பளம் கூடினா பிடித்தமும் கூடுமே, அந்த மாதிரி.

இன்னும் ஒரு 300 எம்பி பாக்கி இருக்கு. அதுல ஒரு பகுதி பயாஸ் தனக்குன்னு வச்சுக்கிறது, ஒரு பகுதி கெர்னலே உக்கார எடுத்துக்கிற இடம். இன்னொரு சுவாரசியமான செலவும் உண்டு. கெர்னல் ரேமை 4096 பைட் பக்கங்களாப் பிரிச்சு வச்சிருக்கு. ஒவ்வொரு பக்கமும் யார்கிட்ட இருக்கு, காலியா இல்லையான்னு பதிவு பண்ண, பக்கத்துக்கு 64 பைட் ஆகுது. 64-ல ஒரு பங்கு! 6 ஜிபிக்கு இதுவே 96 எம்பி வந்துடும். கணக்கு எழுத வாங்குற நோட்டுக்கும் காசு ஆகும்ல, அதேதான்.

ஒரு பழைய ஜெராக்ஸ் தாளோட பின்பக்கம் பட்டியலை எழுதி அண்ணன் கையில கொடுத்தேன்.

மாட்டின ரேம்: 8192 எம்பி
கழி, கிராபிக்ஸ் பங்கு: 2048
மீதி: 6144
கழி, பயாஸ், கெர்னல் செலவு: சுமார் 300
திரையில காட்ட வேண்டியது: சுமார் 5844, அதாவது 5.7 ஜிபி

பழைய கணக்கையும் பக்கத்துலயே எழுதினேன். 4096-ல 512 போனா 3584. அதுல ஒரு 200 போனா 3384, அதாவது 3.3 ஜிபி. அவர் ஞாபகத்துல இருந்த அதே 3.3.

ரெண்டும் சேர்ந்துடுச்சு. பையன் மாட்டினது 2 ஜிபின்னு வச்சுக்கிட்டா இந்தக் கணக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் வராது. போதாததுக்கு, டிடிஆர்4-ல 2 ஜிபி குச்சி தேடினாலும் சுலபமாக் கிடைக்காது.

பயாஸுக்குள்ள போய் அந்தச் செட்டிங்கை 512 எம்பின்னு மாத்தி வச்சேன். ஜெராக்ஸ் கடைக்கு அது தாராளம், அங்க யாரும் கேம் விளையாடப் போறதில்லை. திரும்ப ஆன் பண்ணினா 7.2. அண்ணன் தாளை ரெண்டு தடவை படிச்சார். பையன்கிட்ட ஒண்ணும் சொல்லலை. "மூணு டீ சொல்லிட்டு வாடா"ன்னார். சம்பளத்துல கை வைக்கலைன்னு அப்புறம் பையனே சொன்னான்.

இனி உங்க பொட்டிக்கு வருவோம். எல்லாப் பொட்டியிலயும் திருடன் கிராபிக்ஸ்தான்னு நினைச்சுடாதீங்க. எந்த ஏட்டுல குறையுதுன்னு முதல்ல பாருங்க, காரணம் அதுவே சொல்லும்.

பயாஸ் திரையிலயே குறையுதா? அப்போ லினக்ஸைத் திட்டாதீங்க, இது வன்பொருள் சமாச்சாரம். குச்சி சரியா உக்காராம இருக்கலாம், தங்கமுனையில அழுக்கு இருக்கலாம். கழட்டித் துடைச்சு, ஸ்லாட் மாத்தி, ஒரு தடவைக்கு ஒரு குச்சியா மாட்டிப் பாருங்க. எந்த நல்ல குச்சியைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்தான் தகராறு பண்ணுதுன்னா, மதர்போர்டுல பிராசசர் உக்கார்ற இடத்துல பின் வளைஞ்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. பழைய டிடிஆர்3 லேப்டாப்னா வோல்டேஜையும் பாருங்க. 1.35 வோல்ட் குச்சியை மட்டுமே ஏத்துக்கிற பொட்டிகள் இருக்கு, அதுல 1.5 வோல்ட் குச்சியைச் செருகினா கண்டுக்காது. மதர்போர்டு அதிகபட்சம் எவ்வளவு தாங்கும்னு மேனுவல்ல பார்க்கிறது காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை.

பயாஸ்ல முழுசா இருக்கு, 4 ஜிபி பொட்டியில லினக்ஸ் மட்டும் 3 சொச்சம் காட்டுதா? யூநேம் -எம் அடிச்சுப் பாருங்க. ஐ686-ன்னு வந்தா 32 பிட் கெர்னல். 32 பிட்ல எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,29,49,67,296. அதாவது சரியா 4 ஜிபி. அதுலயும் கிராபிக்ஸ், நெட்வொர்க் மாதிரி சாதனங்களுக்கு மேல் பகுதியில முகவரி ஒதுக்கியாகணும். அந்த முகவரிகளுக்குப் பின்னாடி இருக்கிற ரேம், வீட்டு எண் இல்லாத வீடு மாதிரி. வீடு இருக்கும், தபால் வராது. 1995-ல பென்டியம் புரோவோட வந்த பிஏஇ முறையில முகவரி 36 பிட் ஆகி, 64 ஜிபி வரைக்கும் எட்டும். ஆனா இன்னிக்கு நேர்வழி 64 பிட் லினக்ஸ் போடுறதுதான். உபுண்டு 2017-லயே 32 பிட் டெஸ்க்டாப் சிடியை நிறுத்திடுச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல பழைய 32 பிட் பிசிக்கான கெர்னலே கிடையாது.

64 பிட் போட்டும் அதே 3 சொச்சமா? இன்டெல் 945 சிப்செட் காலத்துப் பொட்டியான்னு பாருங்க. அந்தச் சிப்செட்டாலயே 4 ஜிபிக்கு மேல முகவரி போட முடியாது. ஒதுங்கின ரேமை மேல தூக்கி வைக்கிற வசதியும் அதுல இல்லை. எந்த லினக்ஸ் போட்டாலும் திரும்பி வராது. வராக்கடன்னு எழுதிட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

வரைபடத்துல முழுசா இருக்கு, ஃப்ரீ கட்டளையில மட்டும் பெரிய குறையா? பூட் ஆகுறப்ப கெர்னலுக்குப் போற வரியைப் பாருங்க. ஏதோ சோதனைக்காக மெம்=4ஜின்னு யாராவது எழுதிட்டு மறந்திருந்தா, கெர்னல் சொன்ன பேச்சைக் கேட்டு 4 ஜிபியோட நின்னுடும். கிராஷ் கெர்னலுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தாலும் அந்த அளவு குறையும்.

இவ்வளவு பார்த்தும் விளக்க முடியாத பாக்கி இருந்தா மட்டும் அதை அனாமத்துக் கணக்குல வைங்க. அனாமத்துக் கணக்குன்னா, காரணம் இன்னும் தெரியலைன்னு அர்த்தம். அதுல யார் பேரையும் எழுதுறது வழக்கமில்லை. ரேம் காணோம்ங்கிறது ஒரு விஷயம், ரேமை இவன் எடுத்துட்டான்ங்கிறது வேற விஷயம். நடுவுல மூணு ஏடு இருக்கு, பார்க்க அரை மணி நேரம்தான் ஆகும். அதுக்குப் பொறுமை இல்லாம சம்பளத்துல கை வச்சா, போறது ரெண்டு ஜிபி இல்லை.

டிஸ்கி: மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி பொட்டியை அணைச்சுட்டு வயரைப் பிடுங்குங்க. லேப்டாப்னா பேட்டரியையும் கழட்டுங்க. பயாஸ்ல எதை மாத்தினாலும் பழைய மதிப்பை ஒரு தாள்ல குறிச்சு வச்சுக்கிட்டு மாத்துங்க. பழைய ரேம் வாங்கினா, கடைக்காரர் கையால ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்குங்க. வவுச்சர் இல்லாத செலவு எப்பவுமே தலைவலிதான்.