இரண்டு விளக்குகளுக்கு நடுவே

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பழைய கலங்கரை விளக்கங்களைப் படமெடுக்கத்தான் கிளம்பினேன். முதலில் புதுச்சேரி. காந்தி சிலைக்கு அருகே நிற்கும் வெள்ளைக் கோபுரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் 1836இல் விளக்கேற்றினார்கள். 1979இல் புதிய விளக்கம் வந்ததும் இது ஓய்ந்துவிட்டது. அன்றிரவு இரும்பையில் தங்கினேன். சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் உள்ள ஊர். கடுவெளிச் சித்தரின் சாபத்தால் சிவலிங்கம் பிளந்ததென்றும், சுற்றியிருந்த நிலமெல்லாம் பாழானதென்றும் கதை சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் கழுவெளி ஏரி விரிந்து கிடக்கிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட உவர்நீர்ப் பரப்பு அது. கடலோடு அது கலக்கும் திசையில் மரக்காணம் இருக்கிறது. உப்பு விளையும் நிலத்தைப் பாழ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் விடியும் முன்பே மரக்காணம் உப்பளத்தில் வேலை தொடங்கியிருந்தது. வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பரப்பின் கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. அதனால் இருட்டோடு வந்துவிடுகிறார்கள். தரையை மிதித்து மிதித்து இறுக்கி, வரப்பு கட்டி, பாத்திக்குப் பாத்தி உவர்நீரை மாற்றுகிறார்கள். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி அடர்த்தியில் வருகிறது. வெயிலும் காற்றும் அதை வற்றவைத்து 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30க்கு மேல் போனால் கசப்பு சேர்ந்துவிடும். அந்த நீரை வெளியே விட்டாக வேண்டும். டிகிரி பார்க்கக் கண்ணாடிக் கருவி உண்டு. ஆனாலும் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்த ஓர் அக்கா குனிந்து அடுத்த பாத்தியின் நீரை விரலில் தொட்டுப் பார்த்தார். "எத்தனை டிகிரி இருக்கும்க்கா?" என்று கேட்டேன். "பதம் வந்துருச்சு தம்பி, நாளைக்கு வாரிடலாம்" என்றார்.

அவருடைய கையில் இருப்பது தேர்ந்த தொழிலறிவு. அதைக் கூலிவேலை என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுகிறோம்.

உப்பளத்தை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் கிடக்கிறது. 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகப் பட்டினிக்காரர்கள் வெட்டி நீட்டிய கால்வாய். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. ஒரு காலத்தில் படகுகள் இதன் வழியே உப்பைச் சென்னைக்குக் கொண்டுபோயின. வெட்டியவர்களின் பெயரும் இல்லை, படகு இழுத்தவர்களின் பெயரும் இல்லை.

வழியில் இருந்த ஆலம்பரைக் கோட்டையில் அதிக நேரம் நிற்கவில்லை; மாமல்லபுரத்துக்குப் போனேன். குன்றின்மேல் பல்லவர் எழுப்பிய ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் கூரையில் ஒரு காலத்தில் கப்பல்களுக்காக விளக்கேற்றினார்கள். பக்கத்திலேயே ஆங்கிலேயர் கட்டிய கற்கோபுரம். உயர்ந்த மாடத்தில் இரவில் தீ மூட்டிக் கப்பல்களைக் கரைக்கு அழைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. அந்தப் பழைய வேலையை இன்று மின்விளக்கும் செயற்கைக்கோளும் பார்க்கின்றன. உப்பு வாருவது மட்டும் மரக்காணத்தில் இன்னும் மனிதக் கையால்தான் நடக்கிறது. விளக்கங்களை ஆசையோடுதான் எடுத்தேன். ஆனால் வீட்டில் படங்களைப் பார்த்தபோது என்னை நிறுத்தி வைத்தவை உப்பளத்துப் படங்கள்தான்.

வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்புக் குவியல்களை ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2022 முதல் 5,000 ரூபாய் தருகிறது. நல்ல தொடக்கம், மூன்று மாத அடுப்புக்கு அது போதாது. நான் நின்ற வரப்புகளில் ஒதுங்க நிழல் இல்லை, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, யார் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி இல்லை. இவற்றைச் செய்துகொடுக்கப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அந்த வழியாகப் போகிறவர்கள் உப்புக் குவியலின்முன் நின்று படமெடுத்துக்கொள்ளுங்கள். அதை வாரியவர்களிடமும் நின்று பேசுங்கள், அவர்கள் கேட்பதை நீங்களும் கேளுங்கள்.