ஆடிக் காற்றில் சின்னமனூருக்கு

“ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்” என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். கும்பகோணத்துக்காரிக்கு அது வெறும் பழமொழி. சின்னமனூருக்கு மருமகளாக வந்த முதல் வருஷமே சிரிப்பு போய்விட்டது. மாடியில் காயப்போட்ட புடைவை, அடுத்த தெரு முருங்கை மரத்தில் கிடந்தது!

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் பச்சை வயலையும் வாழைத் தோப்பையும் பார்த்து மயங்காமல் இருக்க முடியாது. 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் முல்லைப் பெரியாற்றில் வந்து, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. ‘இங்கேயா புழுதி?’ என்றுதான் கேட்பீர்கள். வாய்க்கால் எட்டாத மானாவாரிக் காடுகளைப் பாருங்கள். ஆடிப்பட்டத்துக்காக உழுது போட்ட நிலம், மழைக்குக் காத்துக் காய்ந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் காற்றும் வரும்.

ஏன் இப்படி? தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்துப் பக்கம் மலையேறும்போதே மழையைக் கொட்டிவிடுகிறது. மிச்சக் காற்று மலைக்கணவாய் வழியாகப் புகுந்து, இரண்டு பக்கமும் மலை நெருக்க, வேகமாக ஓடி வருகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்களிலும் இதே கதைதான். தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையாகச் சுற்றும் காற்றாலைகள் இந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. குமுளியில் குடை பிடிப்பார்கள். எங்களுக்கு வெறும் சாரலும் புழுதியும்தான்.

ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். சில வருஷங்களுக்கு முன் நாங்களும் போனோம். மகளுக்கு அப்போது நாலு வயசு. பஸ்ஸில் ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அடம். இரண்டு நிமிஷம் தலையை நீட்டியிருப்பாள், “அம்மா, கண்ணு!” என்று அலறினாள். கையைப் பிடிப்பதற்குள் கசக்கியும் விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் பதறினார். “பக்கத்து வீட்டுல பிள்ளை பெத்தவ இருக்கா. ரெண்டு சொட்டு தாய்ப்பால் வாங்கி விட்டா சரியாப் போகும்மா. நாங்க அப்படித்தானே வளர்த்தோம்?”

எனக்குத் தர்மசங்கடம். பெரியவர் பேச்சைத் தட்டவும் மனசில்லை. குழந்தையின் கண்ணில் சோதனை செய்யவும் துணிவில்லை. “அத்தை, கோவிச்சுக்காதீங்க. முதல்ல தண்ணி விட்டுப் பார்ப்போம். கேக்கலேன்னா டாக்டர்கிட்ட போயிடலாம்” என்றேன். அவர் முகம் சுருங்கியது. அன்று ராத்திரி சரியாகப் பேசவே இல்லை.

காய்ச்சி ஆறின தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். சிவப்பு குறையவில்லை. விடிந்ததும் கண் டாக்டரிடம் ஓடினோம். மேல் இமையைத் திருப்பி ஒரு மணல் துணுக்கை எடுத்துக் காட்டினார். “இன்னும் கசக்கியிருந்தா கருவிழியில கீறல் விழுந்திருக்கும். பாலோ எண்ணெயோ விட்டிருந்தா கிருமி சேர்ந்திருக்கும்” என்றார். பக்கத்தில் நின்ற மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை வெளியூர் கிளம்பியபோது, தண்ணீர் பாட்டிலை நிரப்பி என் பையில் வைத்தது அவர்தான்!

சகோதரிகளே, ஆனி முதல் ஆவணி வரை இந்தப் பக்கம் வருவதானால் சில யோசனைகள்:

தேனிக்கு 2022 முதலும் போடிக்கு 2023 முதலும் அகலப் பாதை ரயில் இருக்கிறது. தேனியில் இறங்கி பஸ் பிடித்தால், மேற்கு மலை உங்கள் வலப்பக்கம் வரும். ஆகவே போகும்போது இடப்பக்க இருக்கை, திரும்பும்போது வலப்பக்கம். முடிந்தவரை காலை நேரத்தில் கிளம்புங்கள்; வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, நனைத்துப் பிழிந்த பருத்திக் கைக்குட்டையை மூக்கின்மேல் கட்டலாம். கைக்குழந்தையின் மூக்கை மட்டும் மூடவே கூடாது, மூச்சு முட்டும். முந்தானையைத் திரைபோல் பிடித்துக்கொண்டால் போதும்.

வீசிங் உள்ள பிள்ளையானால், டாக்டர் கொடுத்த இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். காற்றில் வேர்வை உடனே உலர்வதால் தாகம் தெரியாது. அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.

என் சித்தப்பா மகன் ராணுவத்தில் ஜெய்சல்மேரில் இருந்தவன். “அக்கா, அங்க பெரிய புழுதிப் புயல் கோடையிலதான். குளிர்காலத்துல பகல் இதமா இருக்கும், ராத்திரி வறட்டுக் குளிர்காத்து உதட்டையும் கன்னத்தையும் வெடிக்க வைக்கும்” என்பான். அங்கே பெண்கள் ஓடனியால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு நடப்பது அழகுக்காக மட்டுமில்லையாம். மார்கழியில் ராஜஸ்தான் சுற்றுலா போகிறவர்கள் குழந்தைகளுக்குக் கம்பளியோடு தேங்காய் எண்ணெயும் எடுத்துப் போங்கள். குளிப்பாட்டியதும் ஈரம் காய்வதற்குள் தடவிவிட்டால் தோல் வெடிக்காது.

பாலைவனமோ பள்ளத்தாக்கோ, காற்றைத் தடுக்க நம்மால் முடியாது. கையில் ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பருத்தித் துணி, ‘கசக்காதே கண்ணு’ என்று முன்கூட்டியே சொல்லி வைத்த ஒரு வார்த்தை. இவை இருந்தால் ஆடியிலும் தைரியமாக வாருங்கள். புடைவையை மட்டும் மாடியில் காயப்போடாதீர்கள்!