ஹனௌமாவின் வாசலுக்குப் பூட்டு வந்த கதை

ஹவாயின் ஓவாஹூ தீவில், தென்கிழக்கு முனையில் இருக்கிறது ஹனௌமா விரிகுடா. அங்கே தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்க்க ஆசைப்படும் வெளியூர்க்காரர், இரண்டு நாள் முன்னதாகவே ஹொனலுலு நேரப்படி காலை 7 மணிக்கு இணையத்தில் காத்துக் கிடக்க வேண்டும். சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும். நான் விசாரித்தபோது கட்டணம் 25 டாலர். திங்களும் செவ்வாயும் விடுமுறை. முதல் முறை வருகிறவர் ஒன்பது நிமிடப் படம் ஒன்றைப் பார்த்து முடித்த பிறகுதான் மணலில் கால் வைக்கலாம். ஹவாயில் கடற்கரை என்பது பொதுச் சொத்து. பெரிய ஓட்டல்களின் எதிரே உள்ள மணலில்கூட யாரும் துண்டை விரித்துப் படுக்கலாம். அப்படிப்பட்ட ஊரில் இந்தக் கடலுக்குக் கேட் போட்டது யார், எப்போது? எரிச்சலில் கேட்ட கேள்விதான். பதில் தேடப் போனதில் பழைய பத்திரிகைகளும் தீர்ப்பு நகலும் மேசையில் குவிந்தன.

பூட்டுப் போட வசதியான இடம் என்பதை மேலே நின்று பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். இது எரிமலை வாய். ஒரு பக்கச் சுவர் உடைந்து கடல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து கீழே இறங்கச் செங்குத்தான சாலை ஒன்றுதான். காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமந்து அதில் திரும்பி ஏறுகிற ஸ்கூபா முக்குளிப்பாளர்களின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

யாரைக் கேட்டாலும் 1967 என்கிறார்கள். ஹவாய் மாநிலத்தின் முதல் கடல்வாழ் உயிரினக் காப்பகமாக ஹனௌமா அறிவிக்கப்பட்ட ஆண்டு அது. மீன் பிடிக்கக் கூடாது. சிப்பி, பவளம், மணல் எதையும் எடுக்கக் கூடாது. ஆனால் அந்த விதி வெளியே நிறுத்தியது தூண்டிலையும் வலையையும்தான். நீந்த வருகிறவரை அது ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் போனால் கதவு இன்னும் அகலமாகத் திறந்துகிடக்கிறது. ஒரு காலத்தில் ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் மீன் பிடிக்க வந்த இடம் இது. பின்னாளில் அரச குடும்பத்து நிலங்களை நிர்வகித்த பிஷப் எஸ்டேட், 1928இல் ஒரு டாலர் விலைக்கு இதை நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தது. பூங்காவாக வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆக, அந்தப் பத்திரமே மக்களை உள்ளே அழைக்கிறது.

நடுவில் ஒரு வெடிச்சத்தம். அமெரிக்க நிலப்பரப்பையும் ஹவாயையும் இணைத்த முதல் தொலைபேசிக் கேபிள் கலிஃபோர்னியாவிலிருந்து வந்து கரையேறியது ஹனௌமாவில்தான், 1957இல். அதற்கு வழி செய்ய முந்தைய ஆண்டே டைனமைட் வைத்துப் பவளப்பாறையை உடைத்தார்கள். உடைத்த வாய்க்கால் அப்படியே இருக்கிறது. ஸ்கூபாக்காரர்கள் உள் பக்கத்து ஆழமில்லாத தண்ணீரைத் தாண்டி, வெளி விரிகுடாவின் ஆழத்துக்குப் போவது அதன் வழியாகத்தான். ‘கேபிள் வழி’ என்று வெகு சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

கூட்டத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், விஷயம் சோகமானது என்றாலும். தூண்டில் போன பிறகு மீன்களுக்குப் பயம் போயிற்று. முழங்கால் ஆழத்தில் நின்றாலே காலைச் சுற்றி வந்தன. மீனைப் பார்க்க நீந்தத் தெரிய வேண்டியதில்லை என்ற கடல் உலகத்தில் எத்தனை இருக்கும்? எல்விஸ் பிரெஸ்லியின் ‘ப்ளூ ஹவாய்’ படம் 1961இலேயே இந்த இடத்தை ஊருக்கெல்லாம் காட்டியிருந்தது. 1970களில் வெள்ளை மணல் கொண்டுவந்து கொட்டினார்கள், வண்டி நிறுத்த இடம் செய்தார்கள். சுற்றுலா பஸ்கள் வரிசை கட்டின. வந்தவர்கள் ரொட்டித் துண்டுகளையும் உறைந்த பட்டாணியையும் அள்ளி வீசினார்கள். பசிபிக் பெருங்கடலில் பட்டாணி! அதற்குப் பழகிய முரட்டு மீன்கள் பெருகி மற்றவற்றை ஓரங்கட்டின. 1980களின் கடைசியில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர். சில நாட்களில் 10,000 பேருக்கு மேல். களைத்தவர்கள் பவளத்தின் மேலேயே ஏறி நின்றார்கள். தண்ணீரின் மேல் சன்ஸ்க்ரீன் எண்ணெய் மினுமினுத்தது.

பூட்டு செய்யப்பட்டது அப்போதுதான். காப்பகம் வந்து இருபது ஆண்டுக்கு மேல் கழித்து, அதன் வெற்றியே உண்டாக்கிய நெரிசலைச் சமாளிக்க. 1990இல் நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. சுற்றுலா பஸ்கள் கீழே ஆட்களை இறக்கிவிட முடியாது. மேலிருந்து படம் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கார் நிறுத்துமிடம் நிறைந்தால் வந்த வண்டி திரும்ப வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கடலுக்கு ஓய்வு தரும் வழக்கமும் அந்தப் பத்தாண்டில் வந்ததே. மீனுக்குத் தீனி போடுவது 1999இல் நின்றது. 2002இல் கல்வி மையம் திறந்தது, கூடவே அந்த ஒன்பது நிமிடப் படமும்.

வெளியூர்க்காரருக்கு மட்டும் கட்டணம் என்பது 1990களில் தொடங்கியது. அது நீதிமன்றம் வரை போயிற்று. உள்ளூர்க்காரருக்கு இலவசம், எனக்கு மட்டும் மூன்று டாலரா என்பது வழக்கு. 2002இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் கட்டணம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மூன்று டாலருக்கு வழக்காடியவர் இன்றைய 25 டாலரை என்ன சொல்வாரோ.

கடைசித் திருகு 2020இல் விழுந்தது. பெருந்தொற்றால் மார்ச் மாதம் மூடிய விரிகுடா டிசம்பர் வரை திறக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு இது கேட்டாலும் கிடைக்காத வாய்ப்பு. தண்ணீர் தெளிந்தது, துறவிச் சீல் என்னும் கடல்நாய்கள் அடிக்கடி தென்பட்டன. பார்த்த பிறகு பழைய கணக்குக்குத் திரும்ப யாருக்கு மனம் வரும்? நாளொன்றுக்கு 720 பேர் என்று திறந்தார்கள். பிறகு படிப்படியாக 1,400 வரை உயர்த்தினார்கள். இரண்டு நாள் விடுமுறை திறந்தபோதே வந்தது. முன்பதிவும் 25 டாலரும் 2021இல் வந்து சேர்ந்தவை.

ஸ்கூபாக்காரர்களுக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, அதில் நியாயமும் உண்டு. பவளத்தை மிதிப்பது மிதக்கத் தெரியாமல் ஆழமில்லாத இடத்தில் தடுமாறுகிறவர்கள். ஆழத்துக்குப் போகிறவர்கள் அல்ல. ஆனால் கேட்டில் இருவரும் ஒரே தலைக்கணக்கு. வண்டி நிறுத்துமிடத்துக்கு யார் எத்தனை அடி ஆழம் போவார் என்பது தெரியாதே. ஆளைப் பிரித்துப் பார்க்கும் விதியை அமல்படுத்த இன்னொரு வரிசையும் இன்னொரு அதிகாரியும் வேண்டும். இப்போது இருப்பதே மேல் என்பது என் கட்சி.

அங்கே டைவிங் கற்றுத் தரும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “நாங்கள் ஒரு பவளத்தையும் தொடுவதில்லை” என்றார். நீங்கள் போகிற வழியே பவளத்தை வெடி வைத்துத் தகர்த்த வழிதானே என்றேன்.

“அதை வெடித்தது டெலிபோனுக்காக. எனக்காகவா வெடித்தார்கள்?” என்று கேட்டுவிட்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டார்.