ஆறாவது சீட்டு

எவர்சில்வர் செம்புக்குள் ஆறு சீட்டு இருந்திருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தது. ஆறாவது சீட்டு என் வலது கையில், சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே இருந்தது. 1998 ஏப்ரலில், விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்தது இது. செம்பைச் சுற்றி ஆறு ஊர் கேப்டன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் செயலாளர்.

செயலாளர் ஆன கதையை முதலில் சொல்ல வேண்டும். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

1997-இல் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளும் சேர்ந்து தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பைத் தொடங்கின. பேப்பரில் அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லையில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கும் நாடுகளே ஒரு கொடியின் கீழ் பந்தாட முடிகிறது. ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் நாங்கள் ஏன் ஊருக்கு ஊர் தனித்தனியாகக் கோப்பை நடத்தி, கடைசி நாளில் அடிதடியில் முடிக்க வேண்டும்? விக்கிரமசிங்கபுரம், சிவந்திபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி, கடையம் என்று விரல் விட்டு எண்ணினேன். நாங்களும் ஆறு.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மறுநாள் காலையில் நான் போன இடம் மைதானம் இல்லை, அச்சகம். லெட்டர்பேட் அடிக்கக் கொடுத்தேன். அப்படியே ரப்பர் ஸ்டாம்பும் சொன்னேன். ஸ்டாம்பில் நடுவே ஒரு பந்து, சுற்றிலும் எழுத்து, கீழே ‘செயலாளர்’. ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை, ஒரு ஊரிடம்கூடப் பேசவில்லை. வீட்டில் வெறும் தாளில் அந்த ஸ்டாம்பைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டேன்.

கால்பந்து அமைப்புகள் பிறந்த விதத்தைப் பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் நான் வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டியது புரிந்தது. தென் அமெரிக்கக் கூட்டமைப்பு 1916 ஜூலையில் பியூனஸ் அயர்ஸில் பிறந்தபோது அங்கே நாலு நாடுகள் ஏற்கெனவே மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தன. ஆசியக் கூட்டமைப்பு 1954 மே 8 அன்று மணிலாவில் பிறந்ததும் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு நடுவில்தான்; தொடங்கிய 12 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நான் பார்த்துப் பொறாமைப்பட்ட தெற்காசிய அமைப்பும் அப்படியே. அமைப்பு வருவதற்கு முன்பே 1993-இல் லாகூரிலும் 1995-இல் கொழும்பிலும் கோப்பை நடந்துவிட்டது. முதல் தடவை இந்தியா ஜெயித்தது, அடுத்த தடவை இலங்கை. எங்கேயும் ஆட்டம் முன்னே போயிற்று, ஸ்டாம்ப் பின்னே வந்தது.

ஆனாலும் ஊர்கள் சம்மதித்தன. பிசானம் அறுத்து முடித்த நேரம், எல்லோருக்கும் கையில் கொஞ்சம் ஓய்வு இருந்தது. மில்லில் சங்கு ஊதி ஷிப்ட் விட்டதும் பையன்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார்கள். சட்டதிட்டம் நான்தான் எழுதினேன். அதில் இன்றைக்கும் எனக்குப் பெருமையான விதி ஒன்று உண்டு: எந்த ஊருக்கு ஆடுகிறானோ அந்த ஊர் ரேஷன் கார்டில் அவன் பெயர் இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்து ஆடும் வழக்கத்தை ஒழிக்க வேறு வழியில்லை என்று நினைத்தேன். ஆறு கேப்டன்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம்தான் குலுக்கல். ஆறு அணி என்றால் நாலு அணி முதல் சுற்று ஆடும். இரண்டு அணி ஆடாமலே அரையிறுதிக்குப் போகும். ஒன்றாம் நம்பருக்கும் ஆறாம் நம்பருக்கும் அந்த யோகம். சீட்டு எழுதியது நான், மடித்தது நான், செம்பைக் குலுக்கியதும் நான். எங்கள் ஊர் அணிக்கு மேனேஜரும் நானே. ஆறாம் நம்பர் சீட்டை மட்டும் செம்புக்குள் போடவில்லை.

“நடத்துறவன் கடைசியா எடுக்கிறதுதான் மரியாதை. நீங்க எல்லாரும் எடுங்க” என்றேன்.

ஐந்து பேரும் எடுத்தார்கள். “அண்ணாச்சி மனசே மனசு” என்றான் கடையத்துக் கேப்டன். நான் செம்புக்குள் கையை விட்டேன். உள்ளே ஒன்றுமில்லை. செம்பின் அடிப்பாகம் விரலில் சில்லென்று பட்டது. கையில் இருந்த சீட்டை எடுத்துப் பிரித்து, “அட, ஆறு!” என்றேன். அந்த ‘அட’வை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. சீட்டை ஒளித்ததைக்கூட ஏதோ ஆசை என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். ‘அட’வுக்கு என்ன சமாதானம் சொல்வது?

ஆடாமலே அரையிறுதிக்குப் போன எங்கள் அணி அங்கே மூன்று கோல் வாங்கித் தோற்றது. திருடியும் தேங்காய்க்கு வழியில்லை. போகட்டும், இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. அடுத்த வருஷம் ஓர் அணி செங்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆட்டக்காரனை இறக்கியது. கேரளத்துச் செவன்ஸ் மைதானங்களில் தேறிய கால் அது, பார்த்தாலே தெரிந்தது. எதிரணிக் கேப்டன் இடைவேளையில் என்னிடம் ஓடிவந்தான்.

“அண்ணாச்சி, அவன் பேரு எந்த ரேஷன் கார்டுல இருக்கு? நீங்கதானே விதி போட்டிய? கேளுங்க.”

நான் கேட்டிருக்க வேண்டும். ஆட்டத்தை நிறுத்தி, கார்டைக் காட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்தும் நின்றேன். ஆனால் வாயைத் திறக்குமுன் அந்தச் செம்பின் அடிப்பாகம் விரலில் பட்டது போலிருந்தது. “விடுப்பா, விளையாட்டுதானே” என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் போனான்.

என் தப்பை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் என்னைத் துரத்திவிட்டு அமைப்பையாவது காப்பாற்றியிருப்பார்கள். கண்டுபிடிக்காததால் நான் செயலாளராகவே இருந்தேன், ஊமைச் செயலாளராக. மூன்றாம் வருஷம் எல்லா அணியும் கூலி ஆள் பிடித்தது. உள்ளூர்ப் பையன்கள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டினார்கள். நாலாம் வருஷம் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. மினிட் புத்தகத்தில் ‘நிதி நெருக்கடி காரணமாகப் போட்டிகள் நிறுத்தப்படுகின்றன’ என்று எழுதி ஸ்டாம்ப் குத்தினேன். அதுவும் பொய். பெட்டியில் பணம் இருந்தது. அதை ஆறு பங்காக்கித் திருப்பிக் கொடுத்தேன். கணக்கில் மட்டும் நான் சுத்தம்.

ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு 1957 பிப்ரவரியில் கார்ட்டூமில் தொடங்கியபோது எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா என்று மொத்தமே நாலு நாடுகள். வெள்ளையரும் கறுப்பரும் கலந்த அணியை அனுப்பத் தென்னாப்பிரிக்கா மறுத்தது. மற்ற மூவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நாலில் ஒன்றை இழந்து, மூன்றே அணிகளோடு முதல் கோப்பையை நடத்தினார்கள், எகிப்து ஜெயித்தது. அந்த அமைப்பு இன்றைக்குக் கண்டம் முழுவதும் பரந்து நிற்கிறது. அணி குறைந்தாலும் அமைப்பு நிற்கும். விதியைச் சொல்ல வாய் இல்லாவிட்டால்தான் நிற்காது. அதை நான் ஆறு ஊர்ச் செலவில் கற்றுக்கொண்டேன்.

2015 மே 27 அன்று சூரிச்சில் ஃபிஃபா கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரிகள் ஏழு பேரைப் போலீஸ் ஹோட்டலிலேயே கைது செய்தது. லஞ்ச வழக்கு. வட, மத்திய அமெரிக்க - கரீபியக் கூட்டமைப்பின் தலைவரும் அதில் ஒருவர். மறுநாள் டீக்கடையில் ஒரே ஏச்சு. “மேல இருக்கவன் பூராம் களவாணிப் பயலுவ” என்றார் ஒருவர். “நீங்க என்ன அண்ணாச்சி சொல்லுதிய?” என்று என்னைக் கேட்டார். டீ சூடாக இருக்கிறது என்றேன்.

அந்த வருஷக் கடைசியில் தெற்காசியக் கோப்பை திருவனந்தபுரத்துக்கு வந்தது. எங்கள் பொதிகை மலைக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் மலையைத் தாண்ட ரோடு கிடையாது. பஸ்ஸில் சுற்றிப் போய் 2016 ஜனவரி 3 அன்று இறுதி ஆட்டம் பார்த்தேன். இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் மோதின. ஆப்கானிஸ்தான் மத்திய ஆசிய அமைப்புக்குப் போவது முடிவான விஷயம். இந்தக் கோப்பையில் அவர்களுக்கு அது கடைசி ஆட்டம். எழுபதாவது நிமிடம் அவர்கள்தான் முதல் கோல் அடித்தார்கள். இரண்டே நிமிடத்தில் ஜெஜெ சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி அடித்து இந்தியா ஜெயித்தது. கூட்டம் துள்ளியது. நான் தோற்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். விலகிப் போகிறவர்களும் கடைசி விசில் வரை ஆடிவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊர்களோ சொல்லாமல் கொள்ளாமல் போயின. சொல்வதற்கு நான் இடம் வைக்கவில்லை.

போன கோடை விடுமுறையில் நாலைந்து பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து ஊர்களைச் சேர்த்து மறுபடி ஒரு கோப்பை நடத்தப் போகிறார்களாம். நான் தலைவராக இருக்க வேண்டுமாம். முடியாது என்றேன். ஒரு யோசனை மட்டும் சொன்னேன். குலுக்கலுக்குச் செம்பு வேண்டாம், டீக்கடையில் கண்ணாடி மிட்டாய் ஜாடி ஒன்று கேட்டு வாங்குங்கள்.

“எதுக்குத் தாத்தா ஜாடி?” என்றான் சின்னவன்.

“அதுலதான் சீட்டு நல்லா குலுங்கும்” என்று சொல்லி அனுப்பினேன்.