கோலகுபு பாரு போனால்...

கோலகுபு பாரு என்றதும் உங்களில் பலருக்குப் பிரேசர் மலைக்கு ஏறும் வளைவுப் பாதைதான் நினைவுக்கு வரும். கோலாலம்பூரிலிருந்து வடக்கே ரவாங், செரண்டா, பத்தாங்காலி, ராசா என்று ரயிலில் வந்தால் அடுத்த நிலையம் இதுதான். நிலையத்திலிருந்து ஊர் சற்றுத் தள்ளியிருக்கிறது. சுற்றிலும் மலை, நடுவே அமைதியான சிற்றூர். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு நாள் போய் வாருங்கள்.

இது இடம் மாறிய ஊர் என்பது உங்களுக்குத் தெரியுமா? பழைய கோலகுபுவில் 1883-ஆம் ஆண்டு அணை உடைந்து பலர் மாண்டனர். அந்தப் பக்கத்திற்கு இன்றும் 'அம்பாங் பெச்சா', அதாவது உடைந்த அணை என்றே பெயர். அதன் பின்னரும் ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றில் சேர்ந்து, வெள்ளம் ஓயவில்லை. ஆகவே 1930-ஆம் ஆண்டு வாக்கில் மேட்டு நிலத்தில் புதிய ஊர் எழுந்தது. 'பாரு' என்றால் புதியது அல்லவா?

இவ்வூரில்தான் சமூக நல இலாகாவின் 'ரூமா எசான்' இருக்கிறது. திரங்கானுவில் டுங்குனிலும் ஒன்று உண்டு. சிரம்பான், தைப்பிங், தஞ்சோங் ரம்புத்தான், பீடோங் முதலிய இடங்களிலுள்ள 'ரூமா செரி கெனாங்கான்' இல்லங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை 60 வயதைத் தாண்டிய ஆதரவற்ற ஏழை முதியோருக்கானவை. அங்கே சேர்வோர் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது விதி. நோயில் விழுந்து எழ முடியாத ஆதரவற்றோருக்குத்தான் ரூமா எசான்.

ஏன் இரண்டு வகை? முதுமை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதே காரணம். இன்று நடப்பவர் நாளை படுத்துவிடலாம். ஊரை மேட்டுக்கு மாற்றியதுபோல், தளர்ந்த மனிதரை எளிதில் இடம் மாற்றிவிட முடியுமா? பழகிய கட்டிலும் பழகிய முகங்களும் போய்விட்டால் அவர் மேலும் ஒடுங்கிவிடுகிறார். ஆதலால் ஆள் மாறும்போது இல்லமும் கூடியவரை மாற வேண்டியிருக்கிறது.

எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவரைப் பார்க்கப் பக்கத்துப் பட்டணத்துத் தனியார் இல்லத்திற்கு நான் அவ்வப்போது போவதுண்டு. சேர்ந்த புதிதில் அவரே துணி துவைத்தார். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு பக்கவாதம் வந்தது. இப்போது அவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறார்கள். இல்லையேல் படுக்கைப்புண் வந்துவிடும். தூக்குவதற்கு இருவர் வேண்டும். சோற்றுக்குப் பதில் கஞ்சி. அதையும் புரையேறாமல் நிமிர்த்தி உட்கார வைத்து, மெதுவாக ஊட்ட வேண்டும். குளியலறையில் பிடிகம்பி, வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் எல்லாம் வந்துவிட்டன. இப்படி நாலு பேர் சேர்ந்தால் இரவுக்கு ஆள் கூட்ட வேண்டும். மாதக் கட்டணமும் கூடும்.

அங்கே மறதி நோய் கண்ட தாத்தா ஒருவர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு!" என்று கதவைத் தட்டுவாராம். தமிழ் தெரியாத பணிப்பெண்கள் மிரண்டு போனார்கள். தமிழ்ப் பெண் ஒருத்திதான், "இன்னிக்கு மழை தாத்தா, வெட்டு இல்லை," என்று சொல்லிச் சூடாகத் தேநீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அன்று முதல் இரவு வேலையில் தமிழ் தெரிந்த ஒருவரை அவ்வில்லம் வைத்திருக்கிறது. மருந்தால் ஆகாதது ஒரு வார்த்தையால் ஆயிற்று.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று எண்ணாதீர்கள். தோட்டத்து வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்தால் வீடும் போய்விடுகிறது. பிள்ளைகளோ பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் காலையில் கிளம்பி இரவில் திரும்புகிறார்கள். இல்லத்தைத் தேடும் நாள் நம் குடும்பத்திற்கும் வரலாம்.

அப்போது கட்டிலையும் மெத்தையையும் மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவு உண்டா என்று முதலில் கேளுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்: இரவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள்? எழ முடியாமல் போனாலும் வைத்துக்கொள்வீர்களா? அப்போது கட்டணம் எவ்வளவு கூடும்? உடம்புக்கு முடியாவிட்டால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு போவீர்கள்? நம் மொழி பேசுபவர் உண்டா?

கோலகுபு பாரு இல்லத்தைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அது வேடிக்கை பார்க்கும் இடம் அன்று. உங்கள் உறவினர் எந்த இல்லத்தில் இருந்தாலும் மாதம் ஒரு முறையாவது போய் வாருங்கள். போன மாதம் நடந்தவர் இந்த மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாரா என்று பாருங்கள். கண்டால் அன்றே இல்லத்தாரிடம் சொல்லுங்கள்.