ஸ்ரேசனில் காத்திருந்த எல்மைரா

2025 ஓகஸ்ட் விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து என் அக்காவின் மகன் மண்கும்பானுக்கு வந்திருந்தான். பதினேழு வயது. பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கே. தாயின் ஊரையும் ஒருமுறை பார்க்கட்டும் என்று அக்கா அனுப்பியிருந்தார். பகலில் சாட்டிக் கடலுக்குப் போவான். அம்மம்மாவோடு வெள்ளைப்புற்றடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போவான். பொழுதுபட்டால் விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு வீடியோ கேம் விளையாடத் தொடங்கிவிடுவான்.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கைபேசியோடு மினக்கெடுகிறார்கள் என்று தாய்மார் குறை சொல்வதைக் கிழமைக்கு நாலு தரம் கேட்கிற வேலை என்னுடையது. அதோடு, வாளும் துவக்குமாக ஆட்கள் அடிபடும் படத்தை நாங்கள் பட்டது போதாதென்று இந்த விறாந்தையிலும் பார்க்க வேண்டுமா என்று இருந்தது. "இதை விட்டிட்டு ஒரு புத்தகத்தை எடுத்து வாசியன் தம்பி" என்றேன்.

"இதுவும் கதைதான் சித்தி. நீங்கள் சின்னப்பிள்ளையா இருக்கேக்க வந்த கதை" என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். அந்த விளையாட்டின் பெயர் 'பைனல் பன்ரசி 7'. யப்பானில் ஸ்குவெயர் என்ற நிறுவனம் அதை 1997 ஜனவரியில் பிளேஸ்ரேசன் கருவிக்காக வெளியிட்டது. கதை பெரியதாகையால் 3 இறுவட்டுகளில் வந்ததாம். பந்தடிப்பது, கார் ஓட்டுவது போன்ற விளையாட்டல்ல இது. விளையாடுகிறவர் ஒரு பாத்திரமாகக் கதைக்குள் போய், ஊர் ஊராக நடந்து, எதிர்ப்படும் சனத்தோடு கதைத்து, சண்டை பிடித்து, சிறிது சிறிதாகப் பலம் பெற்றுக் கதையை முடிவுக்குக் கொண்டுபோக வேண்டும். கூத்தில் வேஷம் கட்டுவது போலத்தான். ஆனால் இங்கே பார்ப்பவரே வேஷத்தையும் கட்டிக்கொள்கிறார்.

1997 இல் எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. 1991 இல் தீவை விட்டு ஓடி, 1995 இல் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு ஓடி, பிறகு ஒரு உறவினர் வீட்டுக் கோடியில் ஒதுங்கியிருந்தோம். உலகத்தின் வேறொரு பக்கத்தில் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இருந்து ஒரு பூக்காரிக்காக அழுதுகொண்டிருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்?

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிட்கார் என்றொரு நகரம். வசதியானவர்கள் தூண்களின் மேல் கட்டிய பெரிய தட்டில் இருக்கிறார்கள். ஏழைகள் அந்தத் தட்டுக்குக் கீழே, வெயிலைக் காணாமல் இருக்கிறார்கள். ஷின்ரா என்ற கம்பனி நிலத்தின் உயிர்ச்சக்தியை உறிஞ்சி மின்சாரமாக்கி விற்கிறது. அதை எதிர்க்கிற ஒரு சிறிய கூட்டத்தோடு கிளவுட் என்ற இளைஞன் சேர்கிறான். ஏரித் என்ற பூ விற்கும் பெண்ணும் அவர்களோடு வருகிறாள். விளையாடுகிறவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு பல மணித்தியாலம் நடந்து, அவளை நேசிக்கப் பழகிய பிறகு, கதையின் நடுவில் அவள் கொல்லப்படுகிறாள். கிளவுட் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடுகிறான். அந்த நாட்களில் இதை நம்ப மறுத்தவர்கள் ஏராளம். எங்கோ ஒரு ரகசிய வழி இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் அவளை உயிர்ப்பிக்கலாம் என்று ஆண்டுக்கணக்காகத் தேடினார்கள். அப்படி ஒரு வழியை ஆக்கியவர்கள் வைக்கவில்லை.

இந்த விளையாட்டு வரிசையைத் தொடக்கிய ஹிரோநோபு சகாகுச்சி, அதன் 3 ஆவது விளையாட்டு உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் தன் தாயைப் பறிகொடுத்தவர். உயிர் என்பது என்ன, செத்தவர் எங்கே போகிறார் என்ற கேள்வி அதன் பிறகே அவரது கதைகளில் அழுத்தமாக வந்தது. இந்தக் கதையில் செத்தவர்களின் உயிர் நிலத்துக்குள் ஓடும் ஒரு பெரிய ஆற்றோடு போய்ச் சேர்கிறது.

அந்தப் பழைய விளையாட்டைப் புதிதாகச் செய்து, 2020 ஏப்ரலில் மறுபடி வெளியிட்டார்கள். கொரோனாவால் நாங்கள் எல்லோரும் ஊரடங்கில் கிடந்த மாதம் அது. 1997 இல் மனிதர்கள் மரக்கட்டைப் பொம்மைகளைப் போல இருந்தார்கள். அவர்களுக்குக் குரலும் இல்லை. பேச்சு எல்லாம் எழுத்தாகத்தான் வந்தது. புதியதில் முகம் வாடுவது தெரிகிறது, குரல் தழுதழுக்கிறது. முந்தி ஒரு சில மணித்தியாலத்தில் முடிந்த மிட்கார் நகரத்துக் கதையே இப்போது தனியாக ஒரு முழு விளையாட்டு. அதன் தொடர்ச்சியான இரண்டாம் பாகம் 2024 பெப்ரவரியில் வந்தது. மூன்றாம் பாகத்துக்காகப் பெறாமகன் காத்துக்கொண்டிருந்தான்.

"முடிவு தெரிஞ்ச கதையை ஏன் ராசா திரும்பவும் பாக்கிறாய்?" என்று கேட்டேன். அதற்கு என் அம்மாதான் பதில் சொன்னார். இளவயதில் கோயில் திருவிழாக்களில் நடிகமணி வைரமுத்துவின் 'மயான காண்டம்' எத்தனை தரம் பார்த்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. லோகிதாசன் கடைசியில் எழும்புவான் என்று தெரியும். தெரிந்தும் சந்திரமதி பிள்ளையை மடியில் போட்டு அழும்போது அம்மாவும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பாராம். "முடிவுக்காகவே நாங்கள் போனனாங்கள்?" என்று கேட்டார் அம்மா.

ஒரு நாள் இரவு, எங்கள் பக்கத்து வளவு அக்கா வாங்கிப்போன சுளகைத் திருப்பித் தர வந்தார். எங்கள் மகளிர் குழுவில் இருப்பவர். அதிகம் பேசமாட்டார். கணினியில் கம்பனிக்காரர் நிலத்தை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, "இஞ்ச மணலை அள்ளி அள்ளிக் கிணறெல்லாம் உவராப் போன மாதிரி" என்று சிரித்தார். மணல் கும்பி கும்பியாகக் கிடந்ததால் மண்கும்பான் என்று பேர் பெற்ற ஊரில் வேறென்ன நினைவு வரும்? தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். இருந்தார்.

திரையில் அப்போது ஏரித்தின் வளர்ப்புத் தாய் பேசத் தொடங்கினாள். அவள் பெயர் எல்மைரா. பெறாமகன் எங்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

எல்மைராவின் கணவன் தூரதேசத்துப் போருக்குப் போனவன். லீவில் வருகிறேன் என்று ஒருநாள் கடிதம் வந்தது. அவள் ஸ்ரேசனுக்குப் போய் நின்றாள். அவன் வரவில்லை. லீவு தள்ளிப் போயிருக்கும் என்று நினைத்து ஒவ்வொரு நாளும் போனாள். அப்படிப் போன ஒருநாள், அந்த ஸ்ரேசனில் ஒரு பெண் உயிர் போகும் நிலையில் விழுந்து கிடந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண்பிள்ளை. இவளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டுத் தாய் கண்ணை மூடிவிட்டாள். எல்மைரா அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தாள். ஒருநாள் அந்தப் பிள்ளை, அம்மா அழவேண்டாம், உங்களுக்கு வேண்டிய ஒருவர் செத்துப்போனார், உங்களைப் பார்க்கத்தான் வந்தார், ஆனால் நிலத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொன்னது. எல்மைரா நம்பவில்லை. சில நாட்களில் கணவன் போரில் இறந்ததாகக் கடதாசி வந்தது.

அக்கா தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்திருந்தார்.

"கடதாசி வந்ததோ?" என்றார்.

"ஓம் அன்ரி."

"அவளுக்குக் கடதாசியாவது வந்தது."

2006 ஓகஸ்டில் சண்டை மூண்டு, பாதை பூட்டி, ஊரடங்கு தளர்த்தும் நேரங்களில் சனம் ஓடித்திரிந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் பிள்ளைக்கு மருந்து எடுக்கப் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போன இந்த அக்காவின் கணவர் திரும்பி வரவில்லை. இதை நான் முன்பே அறிவேன். என் கையாலேயே படிவங்கள் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். கடைசியாகக் கண்ட இடம், நேரம், உடுத்திருந்த உடுப்பின் நிறம். பத்து வரிக்குள் அடங்கிவிடும்.

அன்றிரவு அந்தப் பத்து வரி பதினொரு மணி வரைக்கும் நீண்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் 2 நாளாக இருந்ததாம். அவர் "நாளைக்குப் போறன்" என்றுதான் சொன்னாராம். "நான்தான், இண்டைக்கே போங்கோ எண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து குடுத்தனான். கொத்தமல்லி அவிச்சுக் குடுத்திருந்தா அந்தக் காய்ச்சல் விட்டிருக்கும் பிள்ளை. அடுத்த நாள் தானா விட்டுட்டுது" என்றார். 19 வருடமாக ஒவ்வொரு இரவும் அந்தக் காலையை மனதுக்குள் திருப்பிப் பார்க்கிறாராம். சைக்கிளைக் கொடுக்காமல் விட்டுப் பார்ப்பாராம். கொத்தமல்லி அவித்துப் பார்ப்பாராம். எப்படி மாற்றினாலும் விடிந்தால் அவர் இல்லை.

எங்கள் படிவங்கள் எதிலும் இந்தக் கொத்தமல்லிக்கு இடம் இருக்கவில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு அக்கா பெறாமகனிடம் கேட்டார்: "தம்பி, இதைத் திரும்ப முதலிலை இருந்து விளையாடினா, அந்த மனுசனை ஸ்ரேசனுக்கு வரப்பண்ணலாமோ?"

விளையாட்டில் இடையிடையே சேமித்து வைக்கலாம். தோற்றால் சேமித்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்கலாம். ஆனால் எல்மைராவின் கணவன் இறந்தது கதை தொடங்குவதற்கு முன் நடந்தது. யாராலும் அங்கே போகமுடியாது. இதைத்தான் அவன் சொன்னான். சொல்லிவிட்டு, அவளது முகத்தைப் பார்த்திருப்பான் போல, இன்னொன்றும் சொன்னான்: "இரண்டாம் தரம் விளையாடுறவைக்கு முடிவு தெரியும் அன்ரி. முதல் தரம் விளையாடேக்க ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமல் செய்ததைப் பிழை எண்டு சொல்லேலாது."

உளவளத்துணைப் பயிற்சிகளில் நான் படித்ததும் இதுதான். ஆனால் இவ்வளவு நேராக அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அன்று காலை அந்த அக்காவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது. அதற்கு ஒரு தாய் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்தார். அதற்குப் பிறகு நடந்ததைச் செய்தவர்கள் வேறு. 19 வருடமாக அவர்களுக்குரிய பழியையும் சேர்த்து இவர் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

2024 இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றியும் பெறாமகன் சொன்னான். ஏரித்தை இந்த முறை காப்பாற்றுவார்களா என்றுதான் விளையாடியவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்களாம். அந்த இடம் வந்தபோது வாள் தடுக்கப்பட்டது போலவும் தெரிகிறது, தடுக்கப்படாதது போலவும் தெரிகிறது. கூட வந்தவர்கள் அவள் இறந்துவிட்டாள் என்று அழுகிறார்கள். கிளவுட்டின் கண்ணுக்கு மட்டும் அவள் தெரிகிறாள். அவளோடு பேசுகிறான்.

இப்படி இழந்ததா இல்லையா என்று தெரியாத இழப்புக்குப் போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970 களிலேயே ஒரு பெயர் வைத்தார். தெளிவில்லாத இழப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். சமூகவியல் படித்த நாட்களில் அதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். வேலைக்கு வந்த பிறகுதான் அது பொட்டு வைப்பதா விடுவதா என்ற கேள்வி என்று விளங்கியது. திவசம் செய்ய ஒரு திதி இல்லை. உறவுக்குள் ஒரு கலியாணம் என்றால் முன்னுக்கு நிற்பதா, பின்னுக்கு நிற்பதா என்று தெரியாது. கூட இருக்கிறவர்கள் அழுது முடித்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். ஒருத்தி மட்டும் இன்னும் இரண்டு பேருக்கு உலையில் அரிசி போடுகிறாள். அவளைப் பைத்தியம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இனிப் போதும், மறந்துவிடு என்று சொல்லவும் உரிமை இல்லை.

அந்தக் கிழமை எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு அக்கா வந்தார். வழக்கமாகச் சேமிப்புப் பணத்தைக் கொடுத்துவிட்டு எழும்பிவிடுகிறவர், அன்று எல்லோருக்கும் முன்னால் சைக்கிளையும் கொத்தமல்லியையும் சொன்னார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மற்றொரு சகோதரி, மகனை ரியூசனுக்குப் போகச் சொல்லி ஏசி அனுப்பிய நாளைச் சொன்னார். வேறொருவர், செல் விழுந்த அன்று மாமியாரைத் தனியே விட்டுத் தண்ணீருக்குப் போனதைச் சொன்னார். கூட்டம் முடிய இரண்டு மணித்தியாலம் பிந்திவிட்டது. ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

அக்காவின் துயரம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். கணவரைப் பற்றிய செய்தி இன்னும் இல்லை. அதைக் கேட்கும் உரிமையை அவர் விடவும் இல்லை, விடவும் கூடாது. ஆனால் இப்போது இரவில் கொஞ்சம் நித்திரை வருகிறது என்கிறார்.

சகோதரிகளே, உங்களுக்குள்ளும் இப்படி ஒரு காலை இருக்கும். படிவத்தில் எழுதாத ஏதோ ஒன்று அதில் இருக்கும். நம்பிக்கையான ஒருவரிடம், ஒரு தரம், முழுதாகச் சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர்களும் அவசரப்படாமல் கேளுங்கள். 1997 இல் எல்மைராவுக்குச் சில வரி எழுத்துத்தான் கிடைத்தது. 23 வருடம் கழித்துத்தான் அவள் தன் குரலில் பேசினாள். அவள் கணவன் அப்போதும் வரவில்லை. ஆனால் எங்கோ மண்கும்பானில் ஒரு பெண் அதைக் கேட்டுத் தன் வாயைத் திறந்தாள். பிள்ளைகள் விளையாடும்போது இனி ஏச முன்னர், பக்கத்தில் இருந்து என்ன கதை என்று நானும் கேட்கப் போகிறேன்.

பெறாமகன் போய்விட்டான். போன கிழமை வேலியடியில் நின்று அக்கா சொன்னார்: "தம்பியோட கதைச்சா, மூண்டாம் பாகம் வந்தா சொல்லச் சொல்லு பிள்ளை. அந்தத் தாய்மனுசி பிறகு என்ன செய்தவ எண்டு பாக்கோணும்."