கோலமும் அணியும்

எமது இளமையில், நல்லதண்ணியின் மார்கழிப் பனியிலும் அன்னையார் லயத்து வாசலிற் கம்பிக் கோலம் இட்ட பின்னரே கொழுந்தெடுக்கச் செல்வார். சிவனொளிபாத யாத்திரிகர் சிலர் நின்று பார்ப்பதுண்டு. படித்த பிள்ளையாகிய யாம் அதைப் பொருட்படுத்தியதில்லை.

சென்ற ஆண்டு பத்தாந் தர மாணவி ஒருத்தி தமிழ்க் கொப்பியின் ஓரமெங்கும் புள்ளிக் கோலம் இட்டிருந்தாள். ‘வீண் கிறுக்கல்’ எனச் சிவப்பு மையால் எழுதினோம். அவளோ, “சேர், நாலுக்கு நாலு புள்ளி வச்சா நாலு கம்பி வருது. நாலுக்கு அஞ்சு வச்சா ஒரே கம்பியில முடியுது. ஏன் சேர்?” என்று வினவினாள். எமக்கு விடை தெரியவில்லை. வகுப்பை அதட்டுவதுபோற் பாவனை செய்து தப்பினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நம் கல்லூரியில் எம்முடன் ஒரே வாங்கிலிருந்து கற்று, இன்று கணினித் தொழில் புரியும் நண்பரிடம் கேட்டோம். கெனத் ஐவர்சன் 1962 இல் வெளியிட்ட நூலிலிருந்து பிறந்த ஏ.பி.எல். என்னும் அணிச் செய்நிரல் மொழியை அவர் திறந்தார். ஒன்று முதல் ஒன்பது வரையான எண்வரிசையை இருமுறை இட்டு, இடையிற் சில குறிகளை வைத்தார். ஒரே வரி! 81 விடைகளும் அட்டவணையாய் எழுந்தன. நிரை, நிரல் ஆகிய இரண்டினதும் பொதுக் காரணிகளுட் பெரியதே கம்பிகளின் தொகை. நாலுக்கு ஆறு எனின் இரண்டு. ஆறுக்கு ஒன்பது எனின் மூன்று. கம்பி அடுத்தடுத்த புள்ளிகளின் நடுவே தவறாது குறுக்கிட்டு, ஓரத்தில் மட்டும் திரும்பும் செவ்வகக் கோலத்துக்கே இவ்விதி. கம்பியை வளைத்தாலும் நெளித்தாலும் தொகை மாறாது. ஒரு குறுக்கீட்டை வெட்டி மாற்றி இணைத்தால் மாறக்கூடும். இவ்வாறு வளைவுக்கு அசையாதவற்றை ஆராய்வதே இடத்தியல் என்றார் நண்பர்.

அணி என்றதும் உவமையையும் உருவகத்தையும் நினைப்பவர் யாம். ஆயினும், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் இராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, 1974 இல் கோலத்துக்கு ‘அணி இலக்கணம்’ வகுத்தனர் என்றறிந்தபோது மெய்சிலிர்த்தோம். அது ஏ.பி.எல். அன்று, குறிகளை விதிப்படி மாற்றி மாற்றிக் கோலத்தைப் பிறப்பிக்கும் முறை. புணர்ச்சி விதி படிப்பிக்கும் எமக்கு அஃது அந்நியமாய்த் தோன்றவில்லை.

விடுமுறையில் அன்னையாரிடம் அட்டவணையைக் காட்டினோம். கண்ணாடியை அணிந்து சிறிது நோக்கினார். “சதுரமா வச்சா சிக்கிக்கும், தம்பி. ஒரு வரிசை கூட்டி வை, ஒத்தக் கம்பியாயிடும். ரெண்டு கூட்டுனா சில நேரம் ரெட்டைதான்” என்றார். ஒரு வரிசை கூட்டினால் எச்சதுரமும் ஒற்றைக் கம்பியே ஆகும். அட்டவணையும் அதையே கூறியது. நாற்பது ஆண்டுகளாய் எம் வாசலிலே கிடந்த விடையை யாம் மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறோம்.

பாடசாலை திறந்ததும் அம்மாணவியின் கொப்பியை வாங்கி, எமது சிவப்பெழுத்தை யாமே வெட்டினோம். அவள் அட்டவணையைக் கொண்டு சென்றாள். மறுநாள் ஏழுக்கு எட்டில் ஒற்றைக் கம்பிக் கோலம் ஒன்று கரும்பலகையில் இருந்தது. முதற் பாடம் முடியும்வரை யாம் அதனை அழிக்கவில்லை.